வாங்க ஆள் வராத வீடு: வாங்குபவரின் வங்கி எதைப் பார்க்கிறது?

வீட்டைக் கட்டுவதைவிட விற்பதே கடினம் என்று எங்கள் கடன் பிரிவுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பலர் சொல்வதுண்டு. விளம்பரம் கொடுத்து எட்டு மாதங்கள் ஆகியிருக்கும். பத்துப் பதினைந்து பேர் வந்து பார்த்திருப்பார்கள். ஆனால் முன்பணம் தரும் அளவுக்கு ஒருவரும் நெருங்கியிருக்கமாட்டார். அந்த வீட்டை நம்பி ஒரு மகளின் மேற்படிப்போ, ஓர் அறுவை சிகிச்சையோ, ஓய்வுக்கால வருமானமோ காத்திருக்கும். பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பிய ஒருவர், மும்பையிலோ பெங்களூருவிலோ பூட்டிவிட்டு வந்த அடுக்ககத்துக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை செலுத்திக்கொண்டிருப்பார்.

இந்நிலையில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். வீட்டுக்குப் புதிதாக வண்ணம் பூசுகின்றனர். அல்லது தரகரை மாற்றுகின்றனர். இரண்டும் தவறல்ல. ஆயினும் வீடு விலை போகாமைக்கு உண்மைக் காரணம் பல நேரங்களில் சுவரில் இருப்பதில்லை, தரகரிடமும் இருப்பதில்லை.

நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானவை வங்கிக் கடனைக் கொண்டே வீடு வாங்குகின்றன. ஆகவே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வீட்டையும் இருவர் பார்வையிடுகின்றனர் எனலாம். ஒருவர் அங்கே குடியேற விரும்பும் குடும்பத்தினர். அவர்கள் தண்ணீர் வசதியையும், காற்றோட்டத்தையும், அருகிலுள்ள பள்ளியையும் பார்க்கின்றனர். மற்றொருவர் அக்குடும்பத்துக்குக் கடன் தரும் வங்கி. அது ஆவணங்களையும், மதிப்பையும், கட்டடத்தின் வயதையும் பார்க்கிறது. முதலாமவருக்குப் பிடித்து இரண்டாமவரால் ஏற்கப்படாத வீடு எளிதில் விற்பதில்லை. விற்பவர் அந்த இரண்டாமவரை நேரில் சந்திப்பதே இல்லை. எனவே மறுப்பின் காரணமும் அவர் காதுக்கு எட்டுவதில்லை. அந்தக் காரணத்தை முன்கூட்டியே அறிந்து சரிசெய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எந்தப் படியில் தடை?

முதலில், வாங்க வருவோர் எந்தப் படியில் நின்றுவிடுகின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி வாரியாக எழுதிவைத்தால் இரண்டே மாதங்களில் தெளிவு பிறக்கும்.

தொலைபேசியில் விலையைக் கேட்டுவிட்டு ஒருவரும் நேரில் வரவில்லை எனில், விலையே தடை. அதே தெருவில், அதே பரப்பில் வேறொரு வீடு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று பொருள்.

நேரில் வந்து பார்த்தவர்கள் மறுமுறை வரவில்லை எனில், விளம்பரத்தில் சொன்னதற்கும் கண்ணால் கண்டதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. நீர்க்கசிவு, பழுதான மின் இணைப்பு, வாகனம் நிறுத்த இடமின்மை, பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வாடை ஆகியவை இவ்வகையில் அடங்கும். வண்ணப் பூச்சும் சிறு பழுது நீக்கமும் இங்கேதான் பயன் தரும்.

இருமுறை, மும்முறை வந்து, குடும்பத்தினரையும் அழைத்து வந்து காட்டி, ஆவண நகல்களையும் வாங்கிச் சென்றவர்கள் அதன்பின் பேசாமல் இருந்துவிட்டால், தடை ஆவணத்திலோ கடனிலோ உள்ளது. இப்படி இரண்டு பேர் விலகியிருந்தால், மூன்றாமவருக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. விலகியவர்களில் ஒருவரையேனும் தொடர்புகொண்டு, அவருடைய வங்கி என்ன சொன்னது என்று நேரடியாகக் கேளுங்கள். பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள்.

விலையும் வங்கியின் கணக்கும்

வீட்டுக் கடன் எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வகுத்துள்ளது. கடன் தொகை ரூ. 30 லட்சம் வரை எனில் வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், ரூ. 30 லட்சத்துக்கு மேல் ரூ. 75 லட்சம் வரை எனில் 80 விழுக்காடு வரையிலும், அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75 விழுக்காடு வரையிலும் வங்கிகள் கடன் தரலாம். இங்கே ‘மதிப்பு’ என்பது நீங்கள் கேட்கும் விலை அன்று. ஒப்பந்த விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் கணிக்கும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே வங்கிகள் வழக்கமாக எடுத்துக்கொள்கின்றன. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இம்மதிப்பில் சேர்வதில்லை. அவற்றை வாங்குபவர் தம் கையிருப்பிலிருந்தே செலுத்தவேண்டும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காண்போம். ஒரு வீட்டுக்கு ரூ. 80 லட்சம் கேட்கப்படுகிறது. மதிப்பீட்டாளர் அதை ரூ. 68 லட்சம் என்று கணிக்கிறார். 80 விழுக்காடு வீதம் கடன் ரூ. 54.40 லட்சம். மீதமுள்ள ரூ. 25.60 லட்சத்தை வாங்குபவர் கையிலிருந்து தரவேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கணக்குக்காக இரண்டும் சேர்ந்து 8 விழுக்காடு என்று கொண்டால் ரூ. 6.40 லட்சம். ஆக, அவர் ரூ. 32 லட்சத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும்.

அதே வீடு ரூ. 68 லட்சத்துக்கு விற்கப்பட்டால், கடன் அதே ரூ. 54.40 லட்சம்தான். கையிலிருந்து தரவேண்டியது ரூ. 13.60 லட்சமும், பதிவுச் செலவு ரூ. 5.44 லட்சமும் சேர்ந்து ரூ. 19.04 லட்சம் மட்டுமே.

மதிப்பீட்டுக்கு மேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் வாங்குபவரின் சேமிப்பிலிருந்தே வரவேண்டும். அதில் ஒரு காசுக்கும் கடன் கிடைக்காது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ரூ. 19 லட்சம் சேமித்து வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. ரூ. 32 லட்சம் சேமித்து வைத்திருப்போர் மிகச் சிலரே. அவர்களும் அத்தொகையைக் கொண்டு இதைவிடப் பெரிய வீட்டைத் தேடுவார்கள். உங்கள் வீட்டை வாங்க ஆள் வராமைக்கு இதுவே முதற்காரணமாக இருக்கக்கூடும்.

எனவே விலையை முடிவு செய்யுமுன், வங்கிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு வீட்டை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். வாங்குபவரின் வங்கி தனது மதிப்பீட்டையே இறுதியாகக் கொள்ளும் என்றாலும், எந்த அளவில் அது அமையும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் ‘கேட்கப்படும்’ விலையை அளவுகோலாகக் கொள்ளாமல், அண்மையில் ‘பதிவான’ விலைகளை விசாரியுங்கள். விளம்பரத்தில் காணும் விலை ஒருவருடைய விருப்பம். பத்திரத்தில் பதிவான விலையோ நடந்து முடிந்த செய்தி.

வீட்டில் செய்த அலங்காரச் செலவு குறித்தும் ஒரு சொல். ரூ. 10 லட்சம் செலவிட்டு மரவேலைப்பாடுகள் செய்திருந்தாலும், மதிப்பீட்டாளர் நிலத்தையும் கட்டடத்தையுமே முதன்மையாகக் கணக்கிடுவார். அச்செலவு முழுவதையும் விலையில் ஏற்றினால், ஏற்றிய தொகை வாங்குபவரின் கையிருப்பின் மீதே விழும்.

கட்டடத்தின் வயது

கடன் முடியும் வரை கட்டடம் உறுதியாக நிற்குமா என்பது வங்கியின் அடுத்த கேள்வி. கட்டடத்தின் எஞ்சிய ஆயுளை மதிப்பீட்டாளர் குறிப்பிடுவார். கடன் காலம் அதற்குள் அடங்குமாறு வங்கி பார்த்துக்கொள்ளும். ஆகவே பழைய அடுக்ககத்துக்குக் கடன் மறுக்கப்படாவிட்டாலும், கடன் காலம் சுருங்கும்.

ரூ. 40 லட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு என்று கொள்வோம். 20 ஆண்டுகளில் செலுத்துவதாயின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 34,700. கடன் காலம் 10 ஆண்டுகளாகச் சுருங்கினால் தவணை ஏறத்தாழ ரூ. 49,600 ஆகிவிடும். மாதம் ரூ. 15,000 கூடுதலாகச் செலுத்தும் வருமானம் உள்ளவர்கள் குறைவு. வந்து பார்த்தவர் வீட்டைக் குறை சொல்லாமல் விலகியதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

வயதைக் குறைக்க இயலாது. ஆனால் ஐயத்தைக் குறைக்கலாம். தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் கட்டடத்தின் உறுதி பற்றிய சான்று பெற்று வையுங்கள். அடுக்ககம் எனில், நிலத்தில் உங்களுக்குரிய பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள். பழைய குடியிருப்புகளில் இப்பாகம் புதிய உயரடுக்குக் கட்டடங்களில் உள்ளதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்; உங்கள் வீட்டின் வலிமையும் அதுவே.

மற்றொரு சாதகத்தையும் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர். கட்டுமானத்தில் உள்ள புதிய வீட்டை வாங்குவோர், 2019 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, பொதுவாக 5 விழுக்காடும், குறைந்த விலை வீடுகளுக்கு 1 விழுக்காடும் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்தவேண்டும். மறுவிற்பனைக்கு வரும் வீட்டுக்கு இவ்வரி இல்லை. பத்திரம் பதிவான மாதமே குடியேறிவிடலாம் என்பதால், வாடகையும் தவணையும் ஒருசேரச் செலுத்தும் சுமையும் இல்லை.

ஆவணங்கள்: பேச்சு முறியும் இடம்

வங்கியின் சட்ட ஆலோசகர் பார்ப்பது, இவ்வீடு விற்பவருக்கு முழுமையாக உரியதா, வேறு எவருக்கேனும் இதில் உரிமை எழ வாய்ப்புண்டா என்ற ஒன்றையே. இதற்காக அவர் கிரயப் பத்திரத்தோடு மூலப் பத்திரங்களையும், பல ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழையும் கேட்பார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவையும் தேவை.

இடத்துக்கு இடம் தடைகளின் பெயர் மாறும். தமிழ்நாட்டில் பட்டா இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். பெங்களூருவில் காத்தா எவ்வகையைச் சேர்ந்தது என்பது முதற்கேள்வி. ‘பி’ காத்தா எனில் பல வங்கிகள் தயங்கும். மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழும், நிலுவை ஏதுமில்லை என்ற கடிதமும் வேண்டும். தில்லியில் சில குடியிருப்புகள் பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாகவே பலமுறை கைமாறியுள்ளன. அவ்வகைப் பரிமாற்றம் உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்துள்ளது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் இல்லாத வீட்டுக்குக் கடன் கிடைப்பது அரிது.

எங்கள் பார்வைக்கு வரும் கோப்புகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் தடைகள் நான்கு.

முதலாவது, பழைய அடமானம். வீட்டுக் கடனை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அடைத்திருப்பார்கள், பத்திரத்தையும் பெற்றிருப்பார்கள். ஆனால் உரிமை ஆவண ஒப்படைப்பு பதிவு செய்யப்பட்டிருந்து, அதை நீக்கும் ரசீது ஆவணம் பதிவாகாமல் இருந்தால், வில்லங்கச் சான்றிதழில் அந்த அடமானம் இன்றும் உயிருடன் இருக்கும். கடன் தந்த கிளையை அணுகி இதைச் சரிசெய்துகொள்ளலாம். அதே வேளையில், மத்திய அடமானப் பதிவேட்டிலும் அக்கடன் தீர்ந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, வாரிசுரிமை. தந்தை மறைந்தபின் தாயும் மூன்று பிள்ளைகளும் வாரிசுகளாக இருக்க, வீட்டை விற்க முயல்பவர் ஒருவராக இருப்பார். அனைவரும் கையொப்பமிடவேண்டும், அல்லது மற்றவர்கள் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். வாரிசுகளில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர் எனில், இந்துக் குடும்பங்களில் அவருடைய பங்கை இயற்கைப் பாதுகாவலர் விற்பதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை. இதற்குக் காலம் பிடிக்கும். வாங்குபவர் வந்தபின் தொடங்கினால் அவர் காத்திருக்கமாட்டார்.

மூன்றாவது, வரைபட மீறல். அனுமதி பெற்றது தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும்; நிற்பதோ இரண்டாம் தளமும் சேர்ந்து. உள்ளாட்சி அமைப்பில் வரன்முறைப்படுத்த வழி உண்டா என்று பாருங்கள். வழியில்லை எனில், அனுமதி பெற்ற பகுதிக்கு மட்டுமே மதிப்புக் கிடைக்கும் என்பதை ஏற்று விலையைச் சொல்லுங்கள்.

நான்காவது, பெயர் வேறுபாடு. பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு முன்னெழுத்து, பான் அட்டையில் இன்னொரு வடிவம். சிறு குறையாகத் தோன்றினாலும் பதிவு நாளில் பெருந்தடையாகும். பான் அட்டை ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலற்றுப் போயிருந்தால், பின்னர் குறிப்பிடவுள்ள 1 விழுக்காடு வரிப் பிடித்தம் 20 விழுக்காடாக உயரும் என்பதையும் நினைவில் கொள்க.

இவற்றைக் களைந்தபின், வழக்கறிஞர் ஒருவரின் சட்டக் கருத்துரையைப் பெற்று, எல்லா நகல்களையும் ஒரே கோப்பில் அடுக்கி வையுங்கள். உங்கள் அடுக்ககத்திலோ தெருவிலோ அண்மையில் எந்த வங்கிகள் வீட்டுக் கடன் வழங்கியுள்ளன என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, கோப்பின் முதல் தாளில் எழுதுங்கள். ‘இங்கே கடன் கிடைக்கும்’ என்பதைவிட வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் செய்தி வேறில்லை.

வீட்டின் மீது கடன் நிலுவையில் இருந்தால்

பத்திரம் வங்கியில் இருப்பதால் விற்கமுடியாது என்று சிலர் கருதுகின்றனர். கடனை மறைத்துப் பேசத் தொடங்குவோரும் உண்டு. இரண்டும் வேண்டியதில்லை. உங்கள் கிளையில் நிலுவைத் தொகை அறிக்கையும், வங்கியிடமுள்ள ஆவணங்களின் பட்டியலும் கேட்டுப் பெறுங்கள். வாங்குபவரின் வங்கி, நிலுவைத் தொகைக்கான காசோலையை நேரடியாக உங்கள் வங்கியின் பெயருக்கு அளிக்கும். மீதித்தொகை உங்களுக்கு வரும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் அபராதக் கட்டணம் வசூலிக்கக் கூடாது.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தரவும், பதிவான அடமானத்தை நீக்கவும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. வங்கியின் காரணத்தால் தாமதம் ஏற்பட்டால், நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு தரவேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ஆவணங்கள் விடுவிக்கப்படவேண்டிய கடன்களுக்கு இது பொருந்தும். இந்த உறுதிப்பாட்டை வாங்குபவரிடம் எடுத்துச் சொன்னால் அவருடைய அச்சம் பெருமளவு நீங்கும்.

எவ்வளவு குறைக்கலாம்?

விலையைக் குறைப்பதற்கு ஓர் அடித்தளம் உண்டு. தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்றும், மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர் என்றும், தில்லியில் சர்க்கிள் ரேட் என்றும் வழங்கப்படுவது, முத்திரைத் தீர்வைக்காக மாநில அரசு குறிக்கும் மதிப்பு. அம்மதிப்பு உங்கள் விற்பனை விலையின் 110 விழுக்காட்டுக்கு மேற்பட்டால், வருமான வரித் துறை அம்மதிப்பையே விற்பனைத் தொகையாகக் கொண்டு மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும். வாங்கியவருக்கும் அவ்வேறுபாடு வருமானமாகக் கருதப்படும். உண்மையான சந்தை மதிப்பு குறைவே என்று கருதினால், துறையின் மதிப்பீட்டு அலுவலரிடம் அனுப்புமாறு வரி மதிப்பீட்டின்போது கோரலாம்.

வரியை அஞ்சி விற்பனையை ஒத்திப்போடுவோரும் உள்ளனர். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் ஆதாயத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் வரி விகிதம் 12.5 விழுக்காடு, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை. அந்நாளுக்கு முன் வாங்கிய வீடாயின், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படி சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு கணக்கிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தலாம். விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, அல்லது ஆறு மாதங்களுக்குள் ரூ. 50 லட்சம் வரை குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் முதலீடு செய்தாலோ, விதிகளுக்குட்பட்டு விலக்குக் கிடைக்கும். உங்கள் கணக்கைத் தணிக்கையாளர் ஒருவரிடம் முன்னரே போட்டுப் பாருங்கள்.

விற்பனைத் தொகை ரூ. 50 லட்சமோ அதற்கு மேலோ எனில், வாங்குபவர் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்தவேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் எனில், பிடித்தம் இதைவிடப் பன்மடங்கு கூடுதல், நடைமுறையும் கடினம். இதனாலேயே பலர் அவ்வகை வீடுகளைத் தவிர்க்கின்றனர். வெளிநாட்டில் இருப்போர், குறைந்த விகிதத்தில் பிடித்தம் செய்வதற்கான சான்றை வருமான வரித் துறையிடமிருந்து பெறுவதற்குரிய ஆவணங்களை முன்கூட்டியே தயார் செய்துகொண்டால், வாங்குபவரின் தயக்கம் குறையும்.

காத்திருப்பின் விலை

‘இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நல்ல விலை வரும்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஆறுதல். அதையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். ஒருவர் ரூ. 68 லட்சம் தர முன்வருகிறார்; நீங்கள் ரூ. 72 லட்சம் எதிர்பார்க்கிறீர்கள். இன்றே ரூ. 68 லட்சத்துக்கு விற்று, ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டியில் வைப்பு செய்தால், ஓராண்டில் வட்டி ரூ. 4.42 லட்சம், மொத்தம் ரூ. 72.42 லட்சம். அதாவது, ஓராண்டு கழித்து நீங்கள் விரும்பிய ரூ. 72 லட்சமே கிடைத்தாலும், இன்று மறுத்த விலையைவிட அது குறைவு. அந்த ஓராண்டின் பராமரிப்புத் தொகை, சொத்து வரி, சிறு பழுதுச் செலவுகள் ஆகியவை இதற்கு மேல். வரியைச் சேர்க்காத எளிய கணக்கு இது.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் மெட்ரோ பாதை போன்ற பணி உண்மையாகவே நடந்துகொண்டிருந்தால் காத்திருப்பதில் பொருளுண்டு. வதந்தியை நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை. விலையைக் குறைப்பதாயின், ஒரே முறையில் மதிப்பீட்டுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துவது நன்று. மாதந்தோறும் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று இறக்கிக்கொண்டே வந்தால், இன்னும் இறங்கும் என்று பார்ப்போர் காத்திருப்பார்கள்.

அவசரத்தில் செய்யக் கூடாதவை

நெடுநாள் விற்காத வீட்டின் உரிமையாளரைத் தேடி வருவோரில் சிலர் அவருடைய சோர்வை முதலாக்கிக்கொள்வர். மூன்றில் எச்சரிக்கையாக இருங்கள்.

ரொக்கம்: விலையில் ஒரு பகுதியைக் கணக்கில் வராமல் தருவதாகச் சொல்வார்கள். அசையாச் சொத்து விற்பனை தொடர்பாக முன்பணம் உட்பட ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் 1 முதல் தடை செய்துள்ளது. மீறினால், பெற்ற தொகைக்கு இணையான தொகை அபராதமாகும். அதைச் செலுத்தவேண்டியவர் பெற்றுக்கொண்டவரே.

நீண்ட ஒப்பந்தம்: சிறு தொகையை முன்பணமாகத் தந்து, ஓராண்டுக்கு விற்பனை ஒப்பந்தம் கேட்பார்கள். அக்காலம் முழுவதும் உங்கள் வீடு கட்டுண்டு கிடக்கும். கடன் ஒப்புதலுக்கும் பதிவுக்கும் பொதுவாக இரண்டு, மூன்று மாதங்கள் போதும். அக்காலவரம்பையும், வங்கி கடன் மறுத்தால் முன்பணம் எவ்வாறு திருப்பித் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். பின்னது வாங்குபவருக்கும் பாதுகாப்பு. அவர் துணிந்து கையொப்பமிட உதவும்.

அதிகாரப் பத்திரம்: முழுத்தொகை கைக்கு வருமுன், விற்பனை அதிகாரத்தை அறிமுகமில்லாதவருக்கு எழுதித் தராதீர்கள். தொலைவில் இருப்போர், நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவருக்கு, குறிப்பிட்ட அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பொருந்துமாறு எழுதித் தருவதே முறை.

விற்பதுதான் ஒரே வழியா?

இறுதியாக, எதற்காக விற்கிறோம் என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட செலவுக்காக எனில், வீட்டை அடமானமாக வைத்துச் சொத்துக் கடன் பெறலாம். வட்டி வீட்டுக் கடனைவிடக் கூடுதல் என்பதால், தவணை செலுத்தும் வருமானம் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். கல்விச் செலவு எனில், கல்விக் கடனை முதலில் விசாரியுங்கள்.

60 வயது நிறைந்து, தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை மாதச் செலவுக்காக விற்க எண்ணுவோருக்கு மறு அடமானக் கடன் என்ற ஏற்பாடு உண்டு. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-இல் இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. வீட்டின் மதிப்பைக் கொண்டு வங்கி மாதந்தோறும் ஒரு தொகை தரும்; அவ்வீட்டிலேயே தொடர்ந்து வாழலாம்; வாழ்நாளில் தவணை செலுத்தவேண்டியதில்லை. அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் பின், வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வீடு விற்கப்பட்டு, கடன் போக மீதி அவர்களுக்குச் சேரும். குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போவதற்கு முன், இதனைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுவது நல்லது.

விற்பதே முடிவு எனில், வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் வில்லங்கச் சான்றிதழ், அடுத்து மற்ற ஆவணங்கள், பிறகு மதிப்பீடு, அதன்பின் விலை, எல்லாவற்றுக்கும் பிறகே வண்ணப் பூச்சும் விளம்பரமும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். அதனால்தான் ஆவணத் தடைகள், வாங்க ஒருவர் வந்து அமர்ந்தபின் வெளிப்படுகின்றன. உங்கள் வீட்டை வாங்க வருபவருக்குக் கடன் கிடைக்குமா என்ற ஐயம் இருந்தால், ஆவண நகல்களுடன் அருகிலுள்ள கிளையின் வீட்டுக் கடன் பிரிவை அணுகுங்கள். வாங்குவோர் மட்டுமல்லாமல், விற்போரும் அங்கே வந்து கேட்கலாம்.